நாற்பது நெஞ்சில் ஒரு குதிரை

கருங்குளத்து நூறு கிலோமீட்டர் குதிரைப் பந்தயத்தில் எழுபத்தைந்தாவது கிலோமீட்டரில் வருகிற ஓலைப்பள்ளம் என்ற மலைக்கிராமத்தில், ஓடிக் களைத்து வரும் குதிரையின் அதிகப்படியான இதயத்துடிப்பு தொட்ட ஊர்க்காரர்களின் நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்பது ஊரறிந்த விஷயம். அதை அங்கே யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு நடை வருகிற மினி பஸ் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றால் அதைத்தான் அதிசயம் என்பார்கள்.

இந்தப் பந்தயம் வேகத்தை மட்டும் பார்க்கிற பந்தயம் இல்லை. காட்டு வழியில் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு பந்தல் போட்டு அங்கே கால்நடை டாக்டர் அருள்தாஸ் ஸ்டெதஸ்கோப்போடு உட்கார்ந்திருப்பார். வந்து நின்ற இருபது நிமிஷத்துக்குள் குதிரையின் துடிப்பு நிமிஷத்துக்கு அறுபத்துநாலுக்கு இறங்கியாக வேண்டும், இல்லையென்றால் அந்தக் குதிரை அதோடு சரி, சேணத்தைக் கழற்றிவிட்டு லாரி ஏறவேண்டியதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் பந்தயத்தின்போது, வேகவைத்த நிலக்கடலை விற்கிற சிக்கம்மா, பத்தொன்பதாவது நிமிஷத்திலும் அடங்காமல் நின்ற ஒரு செம்மண் நிறக் குதிரையின் கழுத்தில், "ஏஞ்சாமி, இப்படித் துடிக்கறே?" என்று கையை வைத்தாள். டாக்டரின் காதில் துடிப்பு சட்டென்று இரண்டு குறைந்தது, சிக்கம்மாவின் நெஞ்சில் இரண்டு கூடியது. அவள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "உள்ள விருந்தாளி வந்திருக்காங்கொ, கொஞ்சம் இடம் விடுங்கொ" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

அன்றைக்கு இன்னும் பத்துப் பேர் தொட்டார்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு இறங்கியது, அதற்குப் பிறகு ஊர் அதற்கேற்ற மாதிரி தன்னைச் சரிசெய்துகொண்டது. இறங்கிய துடிப்பு உழைத்தால் தீரும், பயந்தால் தீரும், சும்மா இருந்தால் அப்படியே இருக்கும் என்று ஒரு மாசத்தில் தெரிந்துபோனது. அந்த மாசம் ஓலைப்பள்ளத்தில் ராகி அறுப்பு இரண்டே நாளில் முடிந்தது, மூன்று தலைமுறையாக யோசித்துக்கொண்டிருந்த கிணற்றை நாலு பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் தோண்டினார்கள், ஆனால் காற்றில் ஒரு பாலிதீன் பை பறந்தால் அந்த நாலு பேரும் ஒன்றாகத் துள்ளி வரப்பைத் தாண்டினார்கள், யாராவது குடையை விரித்தால் சண்டைக்குப் போனார்கள், மாட்டுக்கு அறுத்த புல்லைப் பார்த்து எச்சில் ஊறுவதாக ஒருவருக்கொருவர் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்கள். பால் கொடுக்கிற பெண்கள் தொடக் கூடாது, நெஞ்சுக்கு மாத்திரை போடுகிறவர்கள் தொடக் கூடாது, ஒரு குதிரைக்குப் பன்னிரண்டு வீடு, அடுத்த குதிரைக்கு அடுத்த பன்னிரண்டு வீடு என்று முறை வைத்தார்கள். இரண்டாம் வருஷம் பந்தயக்காரர்கள் கயிறு கட்டி, வெளியாட்கள் குதிரையைத் தொடக் கூடாது என்று பலகை வைத்தபோது, "எங்கூரு வழியா வர்ற உசுரத் தொடாம எப்படீங்க? புடிக்கலீன்னா பாதைய வேற பக்கம் போட்டுக்கோங்கொ" என்று சிக்கம்மா சொல்லிவிட்டாள். வேறு பக்கம் பாதையே கிடையாது. கயிற்றில் துணி காயப்போட்டார்கள். டாக்டர் அருள்தாஸும், "நான் குதிரையைத்தான் கேட்கிறேன், ஊரைக் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

இந்த ஓலைப்பள்ளத்துக்குத்தான் இந்த வருஷம் நடுப்பகலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மரகதம் தன் குதிரை மிளகியோடு வந்து சேர்ந்தாள்.

தன் குதிரை என்று சொல்வது மரகதத்தின் ஆசை. குதிரை வாழைத்தோட்டத்து முதலாளி சென்னியப்பனுடையது, மரகதம் அவருடைய லாயத்தில் பதினோரு வருஷமாகக் குதிரை பார்க்கிறவள், லாயத்தை ஒட்டின அறையில் தனியாகக் குடியிருப்பவள். மிளகி குட்டியாக விழுந்த அன்றைக்கு அதன் மூக்கில் அடைத்திருந்த சவ்வை விரலால் வழித்தெறிந்தது அவள், கறுப்பில் சாம்பல் புள்ளி தெளித்த அந்த உடம்புக்குப் பெயர் வைத்ததும் அவள். முதலாளிக்குக் குதிரை ஆசை விட்டுப்போய் டிராக்டர் ஆசை பிடித்துக்கொண்டது. வடக்கேயிருந்து கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாங்குகிற வியாபாரி ஒருவன் வந்து மிளகியின் பல்லைப் பிடித்துப் பார்த்தான். மரகதம் முதலாளியின் முன்னால் போய் நின்று வாய்விட்டு அழுதாள். அவர் கெட்டவர் இல்லை, இரக்கம் வந்தால் அதற்கும் ஒரு கணக்குப் போடுகிறவர், அவ்வளவுதான். "பந்தயத்த முழுசா முடிச்சுக் காட்டு அம்மிணி. சாயங்காலம் அஞ்சரைக்குள்ள கோட்டத் தாண்டி, கடைசிப் பந்தல்ல குதிர நின்னுதுன்னா அது உனக்கு. இல்லீன்னா லாரி அங்கயே நிக்கும்" என்றார். லாரி நின்றுகொண்டுதான் இருந்தது.

மிளகியின் துடிப்பு எண்பத்தெட்டில் இருந்தது. பன்னிரண்டு வீடு தொட்டால் சரியாக அறுபத்துநாலு.

ஆனால் மரகதத்தின் விஷயத்தில் ஊருக்கு ஒரு குறை இருந்தது. போன வருஷம் இதே இடத்தில், முதல் ஆளாக வந்துகொண்டிருந்தவள், புட்டம்மா என்ற பெண் பிரசவ வலியில் மினி பஸ்ஸுக்காகக் காத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, பந்தயத்தை விட்டுவிட்டு அவளைக் குதிரைமேல் உட்காரவைத்துப் பதினாறு கிலோமீட்டர் நடத்திக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அதற்கு ஊர் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. அதனால் முறைக்காரப் பன்னிரண்டு வீடு தொட்டு முடித்ததும் பதின்மூன்றாவது வீட்டுக்காரன் வந்து நின்றான், "நா மட்டும் தொடாமப் போனா என்னையப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்றான். அவன் தொட்டதைப் பார்த்துப் பதினான்காவது வீடு வந்தது, கொல்லையில் இருந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தார்கள், தங்களுக்குள் பேசாதிருந்த இரண்டு பங்காளிகள் ஒருவனுக்கு முன்னால் ஒருவன் தொட முண்டினார்கள், மகள் பால் கொடுப்பவள் என்பதால் புட்டம்மாவின் அப்பா அவளுக்குப் பதிலாக வந்து, "எங்கூட்டுக் கைதான் மொதல்ல விழுந்திருக்கோணும்" என்று கோபித்துக்கொண்டே தொட்டார். மரகதம் அப்போது குதிரைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். டாக்டர் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமல், "போதும்! போதும்!" என்று கத்தினார். மரியாதை செய்ய வந்த இடத்தில் போதும் என்று சொன்னால் உபசாரத்துக்குச் சொல்கிறார் என்றுதான் அந்த ஊரில் எடுத்துக்கொள்வார்கள். நாற்பது வீடும் தொட்டு முடித்தது.

மரகதம் குடத்தோடு திரும்பி வந்தபோது மிளகியின் உடம்பில் எட்டே துடிப்பு மிச்சம் இருந்தது.

ஊர் சந்தோஷமாகக் கலைந்து சாப்பிடப் போனது. கூட்டம் விலக விலகக் குதிரையின் முன்னங்கால் மடிந்தது, தலை தாழ்ந்தது, கண்ணில் பார்வை வற்றிக்கொண்டே போனது. மரகதம் குடத்தைப் போட்டுவிட்டு, "எல்லாரும் திரும்பி வாங்க!" என்று அலறினாள். திரும்பி ஓடிவந்தார்கள். அவர்கள் நெருங்க நெருங்க மிளகி காலை ஊன்றி எழுந்தது.

எட்டுத் துடிப்பு உள்ளே, எண்பது துடிப்பு வெளியே. தொட்டவர்கள் பக்கத்தில் இருக்கிறவரைக்கும் குதிரை நிற்கும், விலகினால் விழும். திருப்பிக் கொடுக்க எல்லோரும் மறுபடியும் கையை வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் போகவில்லை, எடுக்கத் தெரிந்த கைகளுக்குக் கொடுக்கத் தெரியவில்லை. சிக்கம்மா கடலைக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, "பெருமைக்குத் தொட்டுக் கெடுத்துட்டமே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் மரகதத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "சட்டப்படி பார்த்தா மிளகி பாஸ். அறுபத்துநாலுக்கு மேல போகக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு, இதுக்குக் கீழ வரக் கூடாதுன்னு யாரும் எழுதல. நீ கிளம்பலாம். என்னைக் கேட்டா இதை ஒரு வருஷத்துக்கு அசைக்கக் கூடாதும்மா. புல்லைத் தின்னுட்டு சும்மா நின்னா கிணத்துல ஊறுற மாதிரி புதுசா துடிப்பு ஊறும். அதுவரைக்கும் இந்த ஜனங்க பக்கத்துல இருக்கணும்."

"இங்கயே நிறுத்திட்டா, சார்?"

"பந்தயத்துலேருந்து விலகினதா அர்த்தம். லாரி இங்கயே ஏறி வரும்."

லாரியில் நாற்பது பேரை ஏற்ற மாட்டார்கள் என்பது மரகதத்துக்குத் தெரியும். கோட்டைத் தாண்டினால் குதிரை அவளுடையது, அவளுடையதானால் இங்கேயே திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தி ஒரு வருஷம் புல் போடலாம். மணி பன்னிரண்டே முக்கால். இருபத்தைந்து கிலோமீட்டர் காடு, நாலே முக்கால் மணி நேரம். அவள் சேணத்தைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

சிக்கம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். "என்ன பாத்துட்டு நிக்கறீங்கொ? தொட்ட கை அத்தனையும் வாங்கொ, நடக்கலாம். ஒருத்தரும் ஓடக் கூடாது, மூச்சு வாங்கக் கூடாது. வேர்த்துதுன்னா துடிப்பு தீந்துபோகும், சொல்லிப்போட்டேன்."

அப்படித்தான் அந்த ஊர்வலம் காட்டுக்குள் இறங்கியது. நடுவில் கறுப்புக் குதிரை, கடிவாளத்தைப் பிடித்தபடி மரகதம், சுற்றி நாற்பது பேர், உழைத்தே பழகின உடம்பை உழைக்காமல் நடத்திக்கொண்டு, ஏற்றம் வந்தால் நின்று, இறக்கம் வந்தால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, மூங்கில் முள் கிழித்தாலும் ஆ என்று சொல்லாமல், பின்னால் வந்த பந்தயக் குதிரைகள் ஒவ்வொன்றாகப் புழுதி கிளப்பித் தாண்டிப் போவதைப் பார்த்தும் பார்க்காமல் நடந்தார்கள். மெதுவாக நடப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. மரகதம் ஒவ்வொரு வளைவிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்க்கும்போதெல்லாம் அது அவள் நினைத்ததைவிடப் பத்து நிமிஷம் முன்னால் இருந்தது.

எண்பத்தெட்டாவது கிலோமீட்டரில் ஓடைக்கரையில் யானைகள் நின்றன. ஏழு பெரியது, நடுவில் ஒரு குட்டி. குட்டியோடு நிற்கிற யானையிடம் என்ன செய்ய வேண்டும் என்று அந்த மலையில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஓட வேண்டும். ஓடக் கூடாது. பயப்படவும் கூடாது. நாற்பது நெஞ்சும் உள்ளே குதிரைத் துடிப்போடு சேர்ந்து திமிறின, மிளகியின் தொடை நடுங்கியது.

சிக்கம்மா சந்தையில் பேசுகிற குரலில், "பங்காளி, காத்தால என்ன சாப்ட்டீங்கொ?" என்றாள்.

"ராகிக் களி" என்றான் பங்காளிகளில் மூத்தவன், யானையைப் பார்த்தபடி.

"தொட்டுக்க?"

"கொள்ளுப் பருப்பு."

"நீ?" என்று அடுத்தவனைக் கேட்டாள்.

"ராகிக் களி. தொட்டுக்க மொளகாத் தொக்கு."

ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். ராகிக் களி, கொள்ளு. ராகிக் களி, கீரை. ராகிக் களி, நேத்து வெச்ச கொழம்பு. அந்த ஊரில் காலையில் வேறு எதையும் யாரும் சாப்பிடுவதில்லை, முப்பத்தொன்பது வாய் அதையே சொல்லச் சொல்லக் கேட்கிற காதுக்குக் கொட்டாவி வந்தது, நெஞ்சு ஒவ்வொன்றாக அடங்கியது. பெரிய யானை காதை விரித்து இரண்டு அடி முன்னால் வந்து, நின்று, மூச்சை ஒருமுறை பலமாக விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டது. நாற்பதாவது ஆள் ஜடையன், போன மாசம்தான் கல்யாணமானவன், அவன் முறை வந்தபோது பேச்சு வராமல் திரும்பி ஓடினான். நூறு அடி ஓடி ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மிளகி முகம் தரையில் இடிக்கிற அளவுக்குத் தடுமாறி, மூக்கில் ரத்தம் கசிய நிமிர்ந்தது. யானைகள் போன பிறகு ஜடையன் நெஞ்சைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தான். "ரெண்டும் போயிருச்சுங்கக்கா" என்று மரகதத்தின் முன்னால் கைகூப்பி அழுதான். அவளுக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது. "பரவால்ல தம்பி, கூடவே வா" என்றாள்.

தொண்ணூற்றைந்தாவது கிலோமீட்டர் கல்லை அடைந்தபோது மணி நாலு ஐம்பது. காடு அங்கே முடிகிறது, கீழே கருங்குளத்து மைதானமும் கொடியும், சிவப்பு லாரியும்கூடத் தெரிந்தன. மிச்சம் ஐந்து கிலோமீட்டர் இறக்கம். களைத்துப்போன காலோடு நடந்தால் ஆறு மணிக்குமேல் ஆகும். ஓடினால் ஐந்தரைக்குள் கோடு.

எல்லோரும் நின்றார்கள். பங்காளிகளில் மூத்தவன் வேட்டியை மடித்துக் கட்டினான். "ஓடலாமுங்க அம்மிணி. நாங்க ஓடறம். அஞ்சு கிலோமீட்டர்தானுங்களே."

"ஓடினா உங்க நெஞ்சுல எவ்வளவு மிஞ்சும்?" என்று மரகதம் கேட்டாள்.

சிக்கம்மாதான் சொன்னாள். "கோடு தாண்டற வரைக்கும் தாங்கும் கண்ணு. டாக்டரு காது வெக்கற வரைக்கும் நிக்கும். அதுக்கப்பறம் எனக்குத் தெரியாது."

நின்றால் போதும் என்றுதான் முதலாளி சொல்லியிருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. கோட்டைத் தாண்டி ஒரு நாழிகை, அரை நாழிகை, மிளகி அவளுடையதாக இருக்கும். பதினோரு வருஷத்தில் தனக்கென்று ஒரு எருமைக்கன்றுகூட வாங்காதவள், யாரிடமும் இது என்னுடையது என்று எதையும் காட்டிப் பேசாதவள், அந்த அரை நாழிகையை எவ்வளவு விரும்பினாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஓடுங்கள் என்கிற வார்த்தை அவள் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. குதிரை தலையைத் திருப்பி அவளுடைய சட்டைப் பையை முகர்ந்தது, வெல்லம் இருக்கிறதா என்று பார்த்தது.

"நடங்க" என்றாள். "மெதுவாவே நடங்க." சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை, தேற்றப்போனால் தாங்களும் அழுதுவிடுவார்கள், அழுதால் துடிப்பு தீரும்.

ஆறு பத்துக்குக் கோட்டைத் தாண்டினார்கள். கொடியை இறக்கிவிட்டிருந்தார்கள், வென்றவர்கள் கோப்பையோடு போய்விட்டிருந்தார்கள். ஜீப்பில் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்த டாக்டர் ஓடிவந்து காதை வைத்துக் கேட்டார். "எட்டு" என்றார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத முகத்தோடு.

சென்னியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாயிருச்சே அம்மிணி" என்றார். அதை அவர் சந்தோஷமாகச் சொல்லவில்லை. வியாபாரி லாரியில் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து கயிற்றை வாங்கினான். மரகதம் கொடுத்தாள். மிளகி அவன் பின்னால் கூட்டத்தை விட்டு வெளியே பத்தடி போய், பலகையில் ஒரு காலை வைத்து, அப்படியே முழங்காலில் விழுந்தது. சிக்கம்மா மூன்று அடி முன்னால் நடந்தாள், குதிரை தலையைத் தூக்கியது. பின்னால் நகர்ந்தாள், தலை விழுந்தது. வியாபாரி இதை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டான், கையைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்தான்.

"என்னடி இது?" என்றார் முதலாளி, மரகதத்தைப் பார்த்து.

"குதிர உங்குளுதுங்க" என்றாள் சிக்கம்மா, மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டு. "அத நாங்க இல்லேன்னு சொல்லலீங்க. துடிப்புதான் எங்ககிட்ட இருக்குதுங்க. கூட்டிட்டுப் போறதுன்னா எங்களையும் கூட்டிட்டுப் போங்க. எங்களுக்குக் காத்தால களி மட்டும் போதுமுங்க."

டாக்டர் ஒரு வருஷக் கணக்கை எடுத்துச் சொன்னார். ஒரு வருஷம் ஏற முடியாத, விற்க முடியாத, இந்தக் கூட்டத்தை விட்டு நகர்த்த முடியாத குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சென்னியப்பன் யோசித்தார். பிறகு குனிந்து மிளகியின் நெற்றியில் கையை வைத்தார். அவருக்கு ஒன்றும் இறங்கவில்லை. "எம்பேருல இருக்கறதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. யாரு நெஞ்சுல இருக்குதோ அவங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, மரகதத்தைப் பார்க்காமல் காரில் ஏறினார்.

குதிரை அவளுக்கு என்று அவர் சொல்லவில்லை. மரகதம் காத்திருந்துதான் பார்த்தாள்.

ஓலைப்பள்ளத்தார் எந்த வீட்டுக் கொட்டகையில் கட்டுவது என்று அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாசம் ஒரு தெரு என்றார் ஒருவர், ஊர் நடுவில் பொதுவாகக் கட்டலாம் என்றார் இன்னொருவர், குதிரைக்குத் துடிப்பு ஊறுகிறவரைக்கும் ஏர் பூட்டுவது யார், கூலிக்கு ஆள் வைக்க வேண்டுமா, சும்மா உட்கார்ந்தே ஒரு வருஷம் எப்படி ஓட்டுவது என்று கவலையும் சிரிப்புமாகப் பேசிக்கொண்டே கூட்டம் மலைப்பக்கம் திரும்பியது, பாதி வழியில் வனத்துறைக் கொட்டகையில் தங்கிவிட்டுக் காலையில் ஏறலாம் என்று முடிவானது. மிளகி நடுவில் நடந்தது. மரகதம் நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள், குட்டியிலிருந்து கூப்பிடுகிற அதே மாதிரி. குதிரை காதை அவள் பக்கம் திருப்பியது. நிற்கவில்லை. நிற்க அதற்கு முடியாது, கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

அவள் சேணத்தைப் பந்தலில் வைத்துவிட்டு வேகமாக நடந்து போய்க் கடைசி வரிசையில் சேர்ந்துகொண்டாள். நெஞ்சு காலியான ஜடையனும் அங்கேதான் வந்துகொண்டிருந்தான். அவன் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, "அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் இனி வேல நெறய இருக்குது" என்றான். அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் நாற்பது வீட்டு வேலையையும் யாராவது செய்யத்தானே வேண்டும்.

"ஏர் ஓட்டத் தெரியாதே எனக்கு" என்றாள் மரகதம்.

"பழகிக்கலாங்கக்கா" என்றான் அவன். இரண்டு பேரும் குதிரைக்குப் பின்னால் மெதுவாக நடந்தார்கள்.